"காலி துப்பாக்கிதான் சார்!" பக்கத்து லேன்காரர் சொன்னால் நம்பாதீங்க! ரைபிள் கிளப்புக்கு போறவங்க கவனத்துக்கு...

திருச்சி:
ரைபிள் கிளப் என்றாலே போலீஸ் அதிகாரிகளும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய இடத்து ஆட்களும் போகிற இடம் என்றுதான் ரொம்ப காலம் பேச்சு இருந்தது. இப்போது அப்படி இல்லை. பள்ளிக்கூட பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள், ரிடையர் ஆனவர்கள் என்று எல்லா ரகமும் வருகிறார்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் கிளப்புகள் இருக்கின்றன.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. மனு பாக்கர் ஒருவரே 2 வெண்கலத்தில் பங்கு பெற்றார். நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் டிராப் பிரிவில் அங்கே போய் சுட்டு விட்டு வந்தார். அதற்கு முன்பு 2022 ஜூலையில் மாநில போட்டிக்காக நடிகர் அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது திரண்ட கூட்டத்தை ஊரே பார்த்தது. ஆர்வம் அதிகமாவது நல்ல விஷயம்தான்.

ஆனால் கூட்டம் வந்தால் கூடவே ஒரு பிரச்சினையும் வரும். பக்கத்து லேனில் நிற்பவர் யார் என்று நமக்கு தெரியாது. அவர் எத்தனை நாளாக சுடுகிறார், ஒழுங்காக கற்றுக்கொண்டாரா, இல்லை போன வாரம்தான் சேர்ந்தாரா... எதுவும் தெரியாது. அந்த முன்பின் தெரியாத ஆள் துப்பாக்கியை கையில் வைத்துக்கொண்டு நம்ம பக்கம் திரும்பினால் என்ன செய்வது? கத்தலாமா? ஓடலாமா? "சார்" என்று கூப்பிடலாமா? சுட கற்றுக்கொள்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

திரும்பி பார்ப்பதுதான் வில்லங்கம்

ரேஞ்சில் நடக்கும் தப்புகளில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஞாபக மறதியில் வருவது. புதிதாக வந்தவர் சுடுகிறார். டார்கெட்டில் நடு வட்டத்தில் பட்டு விடுகிறது. சந்தோஷத்தில் "பாத்தீங்களா மாஸ்டர்?" என்று கோச் பக்கம் திரும்புகிறார். உடம்பு திரும்பும்போது கையும் சேர்ந்து திரும்புகிறது. கையில் இருப்பது பிஸ்டல். அவ்வளவுதான், வரிசையில் நிற்கும் நாலு பேர் நெஞ்சுக்கு நேராக முனை ஒரு சுற்று சுற்றி வந்து விடும்.

இதையே திருப்பி போட்டால் துப்பாக்கி சுடாமல் மக்கர் பண்ணும் நேரம். "சார், இது சுட மாட்டேங்குது" என்று துப்பாக்கியை தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். விரல் டிரிக்கரிலேயே இருக்கும். இது முதல் ரகத்தை விட மோசம். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா செத்து போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. சில நேரம் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும். அதனால்தான் வெடிக்கவில்லை என்றால் முனையை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் கையை தூக்கி ரேஞ்ச் ஆபீசரை கூப்பிட வேண்டும். அவர் நம்மிடம் வர வேண்டுமே தவிர நாம் துப்பாக்கியோடு அவரிடம் போகக்கூடாது.

செல்போன் வந்த பிறகு இன்னொரு தலைவலி. ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் போன். செல்பியில் முகம் நன்றாக விழ வேண்டும் என்பதில் இருக்கும் கவனம் முனை எங்கே பார்க்கிறது என்பதில் இருக்காது. சினிமாவில் ஹீரோ துப்பாக்கியை விரலில் சுற்றி இடுப்பில் செருகுவார். ரேஞ்சில் அப்படி செய்தால் சேர்க்கை பணம் திரும்ப வராமல் வீட்டுக்கு போக வேண்டியதுதான்.

ஒரு சின்ன கணக்கு. 10 மீட்டர் ரேஞ்சில் ஒரு லேனின் அகலம் 1 மீட்டர் இருந்தால் போதும் என்பது சர்வதேச விதி. போட்டி ரைபிளின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். அப்படியென்றால் பக்கத்து ஆள் ரைபிளை பக்கவாட்டில் திருப்பினால் முனை நம்ம லேனுக்குள்ளேயே வந்து நிற்கும். தூரத்தில் நடக்கிற விஷயம் இல்லை இது.

காலி என்றால் காலியா?

"பயப்படாதீங்க, காலிதான்." ரேஞ்சில் அதிகம் கேட்கும் பொய் இது. சொல்பவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. அவரே அப்படி நம்புகிறார்.

காரணம் என்ன? பிஸ்டலில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினை கழற்றி விட்டால் துப்பாக்கி காலி என்று புது ஆட்கள் நினைத்து விடுகிறார்கள். ஆனால் மேகசினில் இருந்து ஒரு தோட்டா ஏற்கனவே மேலே ஏறி பேரலின் பின்பக்க அறையில் உட்கார்ந்திருக்கும். மேகசின் கைக்கு வந்துவிடும், அந்த ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். டிரிக்கரை தொட்டால் பல துப்பாக்கிகளில் அது வெடித்து விடும். ஆகவே மேகசினை கழற்றிய பிறகு ஸ்லைடையோ போல்ட்டையோ பின்னால் இழுத்து, அறையை கண்ணால் பார்த்து, வெளிச்சம் சரியில்லாவிட்டால் விரல் விட்டும் பார்க்க வேண்டும்.

பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் 21-ந்தேதி அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 'ரஸ்ட்' என்ற சினிமா படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த துப்பாக்கியில் ஆபத்து இல்லை என்று சொல்லப்பட்டது. அதில் இருந்தது நிஜ தோட்டா. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். டைரக்டர் காயம் அடைந்தார். வாயால் சொல்லும் "காலி"க்கு மதிப்பு கிடையாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதற்காகத்தான் போட்டிகளில் சேப்டி பிளாக் என்று ஒன்றை கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். பளிச்சென்று கண்ணை பறிக்கும் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பி. அதை துப்பாக்கியின் அறைக்குள் செருகி விட்டால் உள்ளே தோட்டா இருக்க முடியாது. ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் என்றால் கம்பி பேரல் முழுக்க நுழைந்து மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும். பக்கத்து மேஜையில் இருக்கும் துப்பாக்கியில் அந்த கம்பி தெரியவில்லையா? அதில் தோட்டா இருக்கிறது என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள்.

ஏர் ரைபிள்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதில் போகும் 4.5 மில்லிமீட்டர் ஈய குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

'ஸ்டாப்' என்று யார் சொல்லலாம்?

இந்த இடத்தில்தான் நம்ம ஊர்க்காரர்கள் தயங்குகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் வயதில் மூத்தவராக இருப்பார். ரிடையர் ஆன அதிகாரியாக இருப்பார். தொழில் அதிபராக இருப்பார். வெளியில் அவர் கார் நிற்கும், டிரைவர் நிற்பார். 19 வயது மாணவி அவரை பார்த்து "சார், துப்பாக்கியை கீழே வைங்க" என்று எப்படி சொல்வாள்? "உனக்கு என்னம்மா தெரியும், நான் 30 வருஷமா துப்பாக்கி பிடிக்கிறேன்" என்று சொல்லி விட்டால்? பேசாமல் ரெண்டு லேன் தள்ளி போய் நின்று கொள்வாள். முனை இப்போது வேறு ஒருவரை பார்த்துக்கொண்டிருக்கும்.

துப்பாக்கிக்கு வயசும் பதவியும் தெரியாது. சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஆபத்தான எதையாவது பார்த்தால் ரேஞ்ச் ஆபீசரிடமோ நடுவரிடமோ உடனே சொல்ல வேண்டியது வீரர்களின் கடமை. சொல்லலாம் என்று இல்லை, சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. 'ஸ்டாப்' என்று உத்தரவு வந்த பிறகு அனுமதி இல்லாமல் துப்பாக்கியை தொட்டால் போட்டியில் இருந்தே வெளியேற்றலாம். வெளிநாட்டு ரேஞ்சுகள் பலவற்றில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்தை பார்த்தவர் யாராக இருந்தாலும், முதல் நாள் வந்தவராக இருந்தாலும், சத்தம் போட்டு எல்லோரையும் நிறுத்தலாம் என்றே வைத்திருக்கிறார்கள்.

சரி, எப்படி சொல்வது? அதற்கும் முறை இருக்கிறது.

ஆபத்து இந்த நொடியில் என்றால், அதாவது முனை ஆள் மேல் இருக்கிறது, விரல் டிரிக்கரில் இருக்கிறது, அல்லது டார்கெட் மாற்ற ஒருவர் முன்னால் போயிருக்கும்போது இன்னொருவர் துப்பாக்கியை எடுக்கிறார் என்றால், மரியாதை பார்க்க நேரம் இல்லை. "ஸ்டாப்!" என்று அடிவயிற்றில் இருந்து கத்த வேண்டும். ஒரே சொல், திரும்ப திரும்ப. "அய்யய்யோ", "டேய்", "சார் சார்" என்று ஆளுக்கு ஒன்று கத்தினால் ஒருவருக்கும் புரியாது. எல்லோர் காதிலும் சத்தத்தை அடக்கும் காது மூடி இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே கத்துவதோடு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அதே நேரத்தில் முனை பார்க்கும் நேர்கோட்டில் இருந்து விலக வேண்டும். குனிவதோ, பக்கவாட்டில் நகர்வதோ எது முடிகிறதோ அது.

உங்கள் கையில் துப்பாக்கி இருந்தால்? முதலில் விரலை எடுங்கள், முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், மெதுவாக மேஜையில் வைத்து விட்டு அப்புறம் நகருங்கள். துப்பாக்கியோடு திரும்பி அடுத்தவரை திட்ட போனால் நீங்களும் அதே தப்பை செய்தவர் ஆகிவிடுவீர்கள். இது அடிக்கடி நடக்கிற கூத்து.

கண்டிப்பாக செய்யக்கூடாத காரியம் ஒன்று. பின்னால் இருந்து போய் அவர் தோளை தட்டுவது. தட்டினால் மனிதன் என்ன செய்வான்? திரும்புவான். கையில் இருப்பதும் கூடவே திரும்பும். துப்பாக்கியை பிடுங்க போவதும் அப்படித்தான். இழுபறியில் டிரிக்கர் அமுங்கி விடும். பயிற்சி பெற்ற ரேஞ்ச் ஆபீசர் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நெருங்கி நின்று, முனை டார்கெட் பக்கமே இருக்கும்படி அவர் கையை தடுத்து பிடிப்பார். அது அவர் வேலை.

அந்த அளவுக்கு அவசரம் இல்லாத தப்புகளும் உண்டு. துப்பாக்கியை மேஜையில் குறுக்காக வைப்பது, சேப்டி பிளாக் போடாமல் டீ குடிக்க போவது, சுடாத நேரத்தில் விரலை டிரிக்கரில் வைத்தே நிற்பது மாதிரி. அவர் துப்பாக்கியை கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் போய் நிதானமாக சொல்லலாம். "சார், முனை இந்த பக்கம் பார்க்குது. டார்கெட் பக்கம் திருப்பி வச்சிடுங்களேன்." பெரும்பாலான ஆட்கள் "ஸாரி தம்பி" என்று உடனே மாற்றி விடுவார்கள். அங்கே சண்டைக்கு வேலை இல்லை. முறைத்தால் வாக்குவாதம் வேண்டாம். லேன் நம்பரை ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லி விட்டு ஒதுங்கி விடுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவரோடு வாய்த்தகராறு செய்து ஜெயித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ரேஞ்ச் ஆபீசரே கண்டுகொள்ளவில்லை, அல்லது அவர் சேரில் ஆளே இல்லை என்றால்? துப்பாக்கியை காலி செய்து, பெட்டியில் பூட்டி, கிளம்பி விடுங்கள். அன்றைக்கு கட்டிய பணம் போனால் போகிறது. மறுநாள் கிளப் செயலாளருக்கு தேதி, நேரம், லேன் நம்பர், நடந்தது என்ன என்று 4 வரி எழுதி கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும்.

கற்றுக்கொடுத்தவரே பலி

கோச் பக்கத்தில் இருந்தால் பயம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு 2014-ல் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். சுற்றுலா வந்தவர்கள் துப்பாக்கி சுட்டு பார்க்கும் ரேஞ்ச் ஒன்றில் 9 வயது சிறுமி கையில் ஊசி என்ற இயந்திர துப்பாக்கி கொடுக்கப்பட்டது. முதலில் ஒரு தோட்டா மட்டும் சுட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து தொடர்ச்சியாக சுடும் நிலைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி உதைத்த வேகத்தில் முனை மேலே ஏறி பக்கவாட்டில் திரும்பியது. இடது பக்கம் நின்று சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

அந்த குழந்தை மேல் என்ன தப்பு? பலம் தாங்காத கையில் நிரம்பிய துப்பாக்கியை கொடுத்ததுதான் தப்பு. நம்ம கிளப்புகளில் இயந்திர துப்பாக்கி கிடையாது என்றாலும் பாடம் ஒன்றுதான். புது ஆளுக்கு முதல் நாள் ஒரே ஒரு தோட்டா போட்டு கொடுக்க வேண்டும். சுட்ட அதிர்ச்சியில் அவர் திரும்பினாலும் உள்ளே அடுத்த தோட்டா இருக்காது. நண்பர், மச்சான், சித்தப்பா பையன் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து "நீயும் ஒண்ணு சுட்டு பாரு" என்று முழு மேகசினோடு நீட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பக்கத்து லேனில் அப்படி நீட்டுவதை பார்த்தால் ரேஞ்ச் ஆபீசரை கூப்பிட தயங்க வேண்டாம்.

சுவருக்கு வெளியேயும் உயிர் இருக்கிறது

ரேஞ்சுக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்றால் அதுவும் தவறு. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. 2021 டிசம்பர் 30-ந்தேதி நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்பு படையினரும் போலீசாரும் பயிற்சி எடுத்தனர். தளத்தில் இருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் போராடிய அந்த சிறுவன் 2022 ஜனவரி 3-ந்தேதி இறந்து போனான். தளம் மூடப்பட்டது. குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சுட்டவர்கள் யாரும் அந்த சிறுவனை பார்த்தது கூட கிடையாது.

அது சக்தி வாய்ந்த போலீஸ் துப்பாக்கி, கிளப்பில் வேறு என்று சொல்லலாம். ஆனால் கிளப்புகளில் 50 மீட்டர் போட்டிக்கு பயன்படுத்தும் சின்ன 0.22 தோட்டாவே, தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. டார்கெட்டுக்கு பின்னால் இருக்கும் மண்மேடும் சுவரும் முனை நேராக இருக்கும்வரைதான் காப்பாற்றும். சுடும்போது முனையை வானத்தை பார்த்து தூக்குபவரை பார்த்தால் "நம்ம மேல இல்லையே" என்று சும்மா இருக்கக்கூடாது. அந்த குண்டு எங்கேயாவது இறங்கியே தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் ஆயுத சட்டத்தில் திருத்தம் வந்தது. அதன்படி 25-வது பிரிவின் 9-வது உட்பிரிவில், அடுத்தவர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி துப்பாக்கியை அலட்சியமாக பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீட்டில் வானத்தை பார்த்து சுடுவதும் இதில் அடக்கம். காயம் படவில்லையே, யாரும் சாகவில்லையே என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

2024 ஜூலை 1-ந்தேதி முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பிரிவுகள் உண்டு. 125-வது பிரிவில் அலட்சியத்தால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 3 மாதம் வரையும், காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரையும், கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரையும் தண்டனை. உயிர் போனால் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை.

சேருவதற்கு முன்...

குழந்தைகளை சேர்க்க போகும் பெற்றோர் பலர் கட்டணம் எவ்வளவு, கோச் எந்த மெடல் வாங்கினார், நம்ம பையனுக்கு எப்போது மெடல் கிடைக்கும் என்பதை மட்டும் கேட்டு விட்டு வந்து விடுகிறார்கள். அதோடு ஒரு நாள் அரைமணி நேரம் பின்னால் உட்கார்ந்து சும்மா பாருங்கள். டார்கெட் மாற்ற ஆள் முன்னால் போகும்போது மற்றவர்கள் கையை எடுத்து விட்டு மேஜையில் இருந்து பின்னால் நகர்கிறார்களா? துப்பாக்கிகளில் சேப்டி பிளாக் தெரிகிறதா? தப்பு செய்த ஒருவரை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ரேஞ்ச் ஆபீசர் கண்டிக்கிறாரா? அப்புறம் ஆபீசில் போய் கேளுங்கள். சுடும் நேரம் முழுக்க ரேஞ்ச் ஆபீசர் இருப்பாரா, ஆபத்து என்றால் என் பிள்ளை 'ஸ்டாப்' சொல்லலாமா, முதல் உதவி பெட்டி எங்கே இருக்கிறது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று. இந்த நாலுக்கும் பட்டென்று பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.